மாமியார் கண்ணில் படாத விரிசல்

சுவரில் ஒட்டியிருந்த தலைமுடியை எடுத்துப் போடலாம் என்று முத்யாபா விரலால் தட்டினான். முடி விழவில்லை. நகத்தால் சுரண்டினான். அப்போதும் வரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கு உரசும் தூரத்தில் போய்ப் பார்த்தான். முடியாவது மண்ணாவது, அது விரிசல்.

கதவு நிலையின் மூலையில் கிளம்பி ஜன்னல் வரைக்கும் கோணல்மாணலாகப் போயிருந்தது. வழியில் அதற்கு ஏழெட்டுக் கிளைகள். நாலடி பின்னால் நகர்ந்து பார்த்தால், முன்சுவர் முழுக்கவே சிலந்தி குடித்தனம் நடத்திய மாதிரி இருந்தது. பூசி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஊரான் வீட்டுச் சுவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். மசாகாவிலும் ந்யெண்டோவிலும் அவன் பூசாத தெரு கிடையாது. மயிரிழை விரிசலெல்லாம் ஒரு விஷயமா? ஆனால் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது அவனுடைய மாமியார். நேற்றுச் சாயங்காலம்தான் ஏரித் தீவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

புகாண்டாவில் பிறந்தவனுக்கு மாமியார் என்பவள் நெருப்பு. ஒரே கூரைக்குக் கீழே படுக்கக் கூடாது. முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது. பேசியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு சுவராவது கதவாவது இருக்க வேண்டும். தெரியாமல் கை பட்டால்கூடப் போச்சு, நடுக்கம் வந்துவிடும். முதலில் விரல், அப்புறம் கை, அப்புறம் தலை. முத்யாபாவின் சொந்தச் சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. வாழைப்பழச் சாராயத்தால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்குக் கை நடுங்கினால் எழுத்துதான் கோணும். கொத்தனாருக்கு நடுங்கினால் சோறே போய்விடும்.

அதோடு விட்டதா? கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்த ஆள் வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டான். இந்தப் பையன் பூசிய சுவரில் மயிரிழை ஓடினால் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டு போங்கள் என்றுகூடச் சொன்னான். பந்தலே கைதட்டியது. அந்தக் கோடியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் மட்டும் கைதட்டாமல், "பார்க்கலாம்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். ஆறு வருஷம் ஆயிற்று, பார்க்க வரவேயில்லை. முத்யாபா அன்றைக்குத் தலையைத் தூக்கவேயில்லை. தூக்கியிருந்தாலும் பயத்தில் கண் இருட்டியிருக்கும். கல்யாணப் போட்டோவில்கூட அவளுடைய முதுகுதான் விழுந்திருக்கிறது.

இந்த ஆறு வருஷமும் அவன் மனைவி நகிட்டோ, பெற்ற தாய் தன் வாசலை மிதிக்கவில்லையே என்று மருகிக்கொண்டிருந்தாள். வெளியே சொல்ல மாட்டாள். அம்மா ஞாபகம் வந்த நாளில் அடுப்படியில் உட்கார்ந்து தேவைக்கு மேல் வெங்காயம் நறுக்குவாள். அவ்வளவுதான். அந்த வெங்காயக் குழம்பை முத்யாபா மறுபேச்சில்லாமல் சாப்பிடுவான்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

"அம்மா வர்றாங்க. கண் ஆஸ்பத்திரி விஷயம். கூட ஒருத்தங்க வருவாங்க."

கண்ணுக்கு என்ன, எந்தக் கண், எவ்வளவு நாள் என்று முத்யாபா ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரின் உடம்பைப் பற்றி மருமகன் விசாரிப்பதா? நல்ல குடும்பத்தில் பிறந்தவன் கேட்க மாட்டான். அவன் நேராகப் போய் முற்றத்தில் கயிறு பிடித்து, வாழைத் தோப்புக்கு முன்னால் மாமியாருக்கென்று தனியாக ஓர் அறை வீடு கட்டத் தொடங்கினான்.

கட்டியதெல்லாம் நன்றாகத்தான் கட்டினான். பூச்சில்தான் சறுக்கினான். வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் பூசிய சுவரை ரெண்டு வேளையும் நனைக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன். இங்கே மழையில்லாத மாதம். குழாய் காற்றைத்தான் விட்டது. ஊற்றிலிருந்து மஞ்சள் கேனில் சுமந்து வந்தால்தான் வீட்டுக்கே தண்ணீர். மாமியாரோ நாளைக் குறித்துவிட்டாள். சீக்கிரம் இறுகட்டும் என்று சிமெண்டைக் கூடப் போட்டு, உச்சி வெயிலில் பூசி, நனைக்காமலே விட்டுவிட்டான். நனைத்தீர்களா என்று நகிட்டோ கேட்டபோது, ரெண்டு வேளையும் என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

நேற்று அவர்கள் வந்தபோது அவன் வாழை மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். தெருமுனையில் வாடகைக்கு ஓட்டும் லுட்டாயாவின் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார்கள். முதலில் இறங்கியவள் நல்ல பருமன்; தோளில் கூம்பு நிற்கும் கோமெசி அங்கி, இடுப்பில் அகலப் பட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் நின்றவள் தோளில் கை வைத்துக்கொண்டு அரசாங்கத்தையே நடத்துகிற மாதிரி நடந்தாள். மாமியார் இப்படித்தான் இருப்பாள் என்று அவன் ஆறு வருஷமாகப் பயந்ததற்கு அச்சு அசலாக இருந்தாள். தோளைக் கொடுத்த ஒல்லி மனுஷி, தலையில் மூட்டையும் கையில் கருவாட்டுப் பொட்டலமுமாக இருந்தாள். துணைக்கு வந்தவள். முத்யாபா அதற்கு மேல் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்துக்கொண்டான்.

இப்போது பொழுது விடிகிற வேளை. விரிசலை மாமியார் பார்த்துவிட்டால், அன்றைக்குச் சொன்ன 'பார்க்கலாம்' பார்த்து முடிந்த கதையாகிவிடும். இனி வரவே மாட்டாள். நகிட்டோ ஆயுசுக்கும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல், மாமியாருக்குக் கண் சரியில்லை என்பதுதான். இன்றைக்கு ஆபரேஷன். கட்டுப் பிரிக்கப் பத்துப் பதினைந்து நாளாகும் என்று நகிட்டோ யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதற்குள் சுவரைச் சரிசெய்துவிட வேண்டும். சரிசெய்கிறது யாருக்கும் தெரியவும் கூடாது.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய மறுநாள், நகிட்டோ சந்தையில் தையல் கடையைத் திறக்கப் போனதும், வேலைக்குப் போகிறவன் மாதிரி கிளம்பித் தெருமுனை வரை போய், தோப்பு வழியாகத் திரும்பி வந்தான். சிமெண்டைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் விரிசலுக்குள் தேய்க்க ஆரம்பித்தான். உள்ளே பெரிய இருமல் ஒன்று கேட்டது. முத்யாபா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"யாருப்பா அது?"

குரல் உள்ளேயிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வந்தது. ஒல்லி மனுஷி கையில் துடைப்பத்தோடு நின்றாள். மாமியாருடைய கதவோரத்தில் மருமகன் நின்றான் என்று போய்ச் சொன்னால் தீர்ந்தது கதை.

"கொத்தனார், அக்கா. வீட்டுக்காரர் அனுப்பினாரு."

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள்.

"இதை யாரு பூசினது?"

"வீட்டுக்காரரேதான்."

"பூசினவன் தண்ணி அடிக்கலையா?"

"அடிக்கலை போல, அக்கா."

"மடையனா அவன்?"

முத்யாபா பிரஷைச் சிமெண்டில் தோய்த்தான். "பெரிய மடையன்தான்" என்றான்.

அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு முற்றத்தைக் கூட்டப் போனாள். யாரிடமும் சொல்ல வேண்டாம், வீட்டுக்காரர் மானம் போய்விடும் என்று இவன் பின்னாலேயே போய்க் கெஞ்சினான். தனக்கு எதற்கு ஊர் வம்பு என்று சொல்லிவிட்டாள்.

வெயில் ஏறியதும் பூசிய இடம் காய்ந்தது. காய்ந்ததும் கறுத்தது. முன்னால் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரிந்த விரிசல், இப்போது ரோட்டில் போகிறவனுக்கே தெரிந்தது. வெளிறின சுவரில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். கண்ணில் கட்டுப்போட்டவளுக்கே தெரிந்துவிடும் போலிருந்தது.

பயம் வந்தால் மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது. முத்யாபாவுக்குக் கை மட்டும் வேலை செய்தது. நனைக்காததுதானே தப்பு, இப்போது நனைத்துவிட்டால் என்ன என்று நினைத்து, அடுத்த நாள் வீட்டிலிருந்த அத்தனை மஞ்சள் கேனையும் தூக்கி வந்து சுவரில் ஊற்றினான். சுவர் ஆசையாகக் குடித்தது. குடித்ததை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டது. மழை பெய்கிறது, வெளியே காயப்போட்ட துணியை எடுங்கள் என்று உள்ளேயிருந்து பருத்த குரல் ஒன்று உத்தரவு போட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. முத்யாபா காலிக் கேன்களோடு தோப்புக்குள் ஓடினான். ஓடுகிறபோது கேன்கள் ஒன்றோடொன்று மோதி இடி மாதிரி சத்தம் போட்டன.

அன்று சாயங்காலம் வாழைக்காய் வேகவைக்கத் தண்ணீர் இல்லை. உள்ளே படுக்கை நனைந்துவிட்டதாம், கூரையில் ஏறிப் பாருங்கள் என்றாள் நகிட்டோ.

"உங்கம்மா தலைக்கு மேல நான் ஏறுறதா? என்ன பேசுறே நீ?"

அதுவும் சரிதான் என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மறுநாளிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடைக்குக் கிளம்பிப் போனாள். நல்லதாயிற்று என்று முத்யாபா நினைத்தான்.

மூன்றாவது வைத்தியம் ஒல்லி மனுஷியுடையது. அவர்கள் ஊரில் தரையும் சுவரும் வெடித்தால் சாணியும் சாம்பலும் குழைத்து மெழுகினால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடுமாம். சிமெண்ட் பூச்சுக்கு அது ஒத்து வராது என்று முத்யாபாவுக்குத் தெரியும். தெரிந்தும், ஒருவேளை ஒத்து வந்துவிட்டால் என்று ஒரு நப்பாசை. பக்கத்துத் தொழுவத்தில் அவளே சாணி வாங்கி வந்தாள். இரண்டு பேருமாக மெழுகினார்கள். அவள் மெழுகுகிற வேகத்தைப் பார்த்து அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் மசாகாவின் ஈக்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. வீட்டுக்குள் மாடு வந்துவிட்டது, யாராவது ஓட்டுங்கள் என்று உள்ளேயிருந்து ஒரே கூப்பாடு. ஒல்லி மனுஷி முகத்தை வெகு தீவிரமாக வைத்துக்கொண்டு, "ஹை, ஹை" என்று இல்லாத மாட்டை வாசல்வரை விரட்டிவிட்டு வந்தாள். சாணி காய்ந்து சுருண்டு உதிர்ந்தபோது, மேல்பூச்சையும் செதில் செதிலாகக் கையோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

"எங்க ஊர்ல இப்படி ஆகாது" என்றாள் அவள்.

"இது உங்க ஊர் இல்லையே, அக்கா" என்று சொல்லும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூலிக்கு வந்தவன் எதற்கு இவ்வளவு கலங்குகிறான் என்று அவள் கேட்டாள். வீட்டுக்காரர் நல்லவர், பாவம், மாமியாருக்குப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறார் என்றான் முத்யாபா. அவ்வளவு பயங்கரமானவளா அந்த மாமியார் என்று கேட்டாள் அவள். உங்களுக்குத் தெரியாததா, நீங்கள்தானே கூட இருக்கிறீர்கள் என்று இவன் திருப்பிக் கேட்டான்.

"பிடிவாதக்காரி" என்று அவள் ஒத்துக்கொண்டாள். "ஒண்ணு நினைச்சா நினைச்சதுதான். புருஷன்காரன் பாதி ஆயுசு அவகிட்ட வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தான்."

"நான் கேள்விப்பட்டதும் அதான், அக்கா. ராட்சசின்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"வீட்டுக்காரர்தான்."

"ஓஹோ" என்றாள் அவள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஈயை விரட்டப் போனாள்.

செதில் உதிர்ந்த இடத்தை மறுநாள் முத்யாபா பூச்சுக் கரணையின் பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தான். டொக்கு டொக்கு என்று வெறும் பானை மாதிரி கேட்டது. பூச்சு சுவரில் ஒட்டவேயில்லை. எதுவரைக்கும் வெறுமை என்று பார்க்க ஜன்னலோரம் தட்டினான், கதவோரம் தட்டினான். உள்ளேயிருந்து யாரோ செத்தவர்கள் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிற சத்தம் வந்தது. இன்னும் ஒரே ஒரு தட்டு என்று தட்டினான்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து வாசற்படியில் விழுந்து சுக்குநூறாயிற்று.

கதவு படீரென்று திறந்தது. ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டும் கையில் தடியுமாகப் பருத்த அம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். முத்யாபா பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டான். கரணை கையிலிருந்து நழுவி, பிடிக்கப் போனவன் கட்டைவிரலைக் கிழித்தது. அதைக்கூடக் கவனிக்காமல் மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் பாய்ந்து, சிமெண்ட் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, பிறந்த நாளிலிருந்து செய்த பாவத்தையெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தான். திருடன், பேய், பூகம்பம், மூன்றில் எது என்று அந்த அம்மாள் கேட்டாள். காற்றில் ஓலை விழுந்தது என்று சொல்லி ஒல்லி மனுஷி அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள். திரும்பி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு கண்ணுல கட்டு. இன்னொரு கண்ணுல நிழல்தான் தெரியும். அவங்க உன்னைப் பார்க்கவா போறாங்க? கொத்தனார் எதுக்குப்பா இப்படி ஒளியுறே?"

"எனக்குப் பெரிய மனுஷிங்கன்னாலே பயம், அக்கா."

"என்னைப் பார்த்தா பயமில்லையா?"

"நீங்க அப்படி இல்லையே."

அவன் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். ரத்தம் வழிவதைப் பார்த்துவிட்டு, தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து, அவன் கட்டைவிரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். அம்மா செத்த பிறகு அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முத்யாபா இல்லை என்று தலையாட்டினான்.

"ஒட்டுப்போட்டது போதும். மொத்தத்தையும் பேர்த்து எடு. ஒழுங்கா புதுசா பூசு" என்றாள் அவள்.

"ஒத்தையாளா முடியாது, அக்கா. சித்தாள் வெச்சா வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சுபோகும்."

அவள் கோமெசியைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "நான் எதுக்கு இருக்கேன்?"

இப்படித்தான் வேலை தொடங்கியது. நகிட்டோவிடம் அவன், அம்மாவுக்காக இன்னொரு கை நன்றாகப் பூச ஆள் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னான். அவள் சரி என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அம்மாமேல் அவ்வளவு பாசம், அழுகிறாள் என்று முத்யாபாவுக்கு மனசு இளகிவிட்டது.

சித்தாள் வேலையில் ஒல்லி மனுஷி சுத்த மோசம். மணலைச் சலிக்கச் சொன்னால் பாதியைக் காற்றில் விட்டாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் கோலம். மட்டப்பலகையைப் பிடிக்கச் சொன்னால் பேச்சு சுவாரஸ்யத்தில் சாய்த்துவிடுவாள். முத்யாபா ஒரு தடவை பொறுமையிழந்து, எந்தக் குருடி கற்றுக்கொடுத்தாள் உனக்கு என்றுகூடக் கத்திவிட்டான். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, பலகையை நேராகப் பிடித்துக்கொண்டு, எங்கள் பெண்ணிடமும் உன் வீட்டுக்காரன் இப்படித்தான் கத்துவானா என்று கேட்டாள்.

"அவரா? அவ முன்னாடி பூனை மாதிரி இருப்பாரு. அவ எதுக்காக வெங்காயம் நறுக்குறான்னு தெரிஞ்சும் கேட்கத் துணிச்சல் வராத ஆளு."

"எதுக்கு நறுக்குறா?"

முத்யாபா சொன்னான். பெற்றவள் ஆறு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. கொத்தனாருக்குக் கொடுத்தது மாமியாருக்குக் கேவலமாக இருந்திருக்கும். அந்தச் சுவரில் விரிசல் வந்ததால் இப்போது அந்தக் கேவலம் உறுதியாகிவிடும் என்று கலவையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒல்லி மனுஷி மட்டப்பலகையைக் கீழே வைத்தாள்.

"கேவலமா? யாருப்பா சொன்னது உனக்கு?" என்றாள். "மருமகன் கூரைக்குக் கீழே அவ படுக்க முடியாது. வந்தா எங்கே தங்குறது, மாமரத்துலயா? அவளுக்குன்னு ஒரு அறை போடுவான், போட்டுட்டுக் கூப்பிடுவான்னு ஆறு வருஷமா காத்துக்கிட்டுக் கிடந்தா. தானா கேட்கிற ஜாதி இல்லை அவ. ஊரெல்லாம் பூசுறவன் எனக்கு நாலு சுவர் எழுப்ப மாட்டேங்கிறானேன்னு திட்டுவா."

முத்யாபா கரணையை அப்படியே வைத்துவிட்டான். ஊர் முழுக்க வீடு கட்டியவனுக்கு இது தோன்றவேயில்லை. ராட்சசி என்று சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதை அந்த வீட்டுக்காரரிடம் கட்டாயம் சொல்கிறேன் என்றான். சொல், ஆனால் முதலில் சுவரை முடி என்றாள் அவள்.

முடித்தார்கள். இந்தத் தடவை நிழல் விழுந்த பிறகு பூசினான். சாக்குகளை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டான். காலையும் மாலையும் ஒல்லி மனுஷியே ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் சுமந்து வந்து, சாக்குக்கு ஊட்டாத குறையாக ஊற்றினாள். உள்ளே இருந்த அம்மாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் தவிர, கட்டிலில் படுத்துக்கொண்டு அவித்த மரவள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள். சாக்கை எடுத்துப் பார்த்த அன்றைக்குச் சுவர் முட்டை ஓடு மாதிரி இருந்தது. மயிரிழைகூட இல்லை.

கட்டுப் பிரித்த நாள் முத்யாபா வேலைக்குப் போகவில்லை. வாழை மரத்துக்குப் பின்னால் நின்றான். லுட்டாயாவின் வண்டி வந்து நின்றது. பருத்த அம்மாள் இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, இடுப்பில் கை வைத்துச் சுவரைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். நகிட்டோவும் ஒல்லி மனுஷியும் பின்னால் நின்றார்கள். ஒல்லி மனுஷியின் உதடு துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, பாவம், தன்னைப் போலவே அவளும் பயப்படுகிறாள் என்று நினைத்தான்.

அந்த அம்மாள் சுவரிலிருந்து கண்ணை எடுத்து மெல்லத் தோப்புப் பக்கம் திருப்பினாள்.

"சுவர் கிடக்கட்டும்" என்றாள். "அந்த வாழைக்குப் பின்னாடி ஒருத்தன் நின்னு முழிக்கிறானே, அவன் யாரு?"

புதுக் கண். தெளிவாகத் தெரிந்துவிட்டது. அவளும் இவனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். இவன் கண்ணை மூடக்கூட மறந்துபோனான். அடுத்த நொடி வாழை இலையெல்லாம் கிழிய ஓடினான். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற மாதிரி கேட்டது, அதைக் கேட்டு நிற்கிற நிலையில் அவன் இல்லை.

அன்றைக்கும் மறுநாளும் முத்யாபா பட்ட பாடு நாய் படாது. மாமியார் முகத்தைப் பார்த்தாயிற்று, இனி நடுக்கம் வந்தே தீரும். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தான். டீத் தம்ளரைப் பிடித்தால் தம்ளர் ஆடுகிறதா, டீ ஆடுகிறதா, தான் ஆடுகிறோமா என்று பார்த்தான். கடலைக்குழம்பு வாய்க்குப் போகும் முன் சட்டையில் விழுந்தபோது, வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டான். கை வழுக்கினது என்றாள் நகிட்டோ. அவளுக்கு என்ன தெரியும், பாவம். நடுங்குகிற புருஷனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று மறுபடி உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.

ஊருக்குக் கிளம்புகிற காலையில் ஒல்லி மனுஷியைத் தனியாகப் பார்த்து நன்றி சொல்ல நினைத்தான். முடியவில்லை. அந்தப் பருத்த உருவம் முற்றத்தைவிட்டு நகர்கிற வரைக்கும் அவன் குளியல் தட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். வண்டிச் சத்தம் மறைந்ததும் நகிட்டோ வந்தாள். அம்மாவுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது, வருஷா வருஷம் வருவாராம் என்று சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை. அவள் கடைக்குப் போனதும் முத்யாபா வெளியே வந்து, புதுச் சுவருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தான். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு பக்கம் சந்தோஷம். கட்டைவிரலில் இன்னும் இருந்த அந்தத் துணிக்கட்டைத் தடவிக்கொண்டான். கரணையை எடுத்து நீட்டிப் பிடித்து, முனை ஆடுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

அப்போதுதான் லுட்டாயா காலி வண்டியோடு திரும்பி வந்தான். வண்டியை நிறுத்தாமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னான்:

"வேன்ல ஏத்தி விட்டுட்டேன், மேஸ்திரி. கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட அந்தப் பக்கத்து வீட்டு அம்மா ஏறினதும் தூங்கிட்டாங்க. உங்க மாமியார்தான் தலைமூட்டையோட மறுபடி இறங்கி வந்து, ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. விரலுக்குக் கட்டுப் போட்டு இவ்வளவு நாளாகியும் உங்க கை நடுங்கலேன்னா, சமையல்கட்டுச் சுவரையும் பேர்த்து வைக்கணுமாம். சித்தாள் வேலைக்கு அவங்களே வர்றாங்களாம்."